பட்டா லொறியில் வந்த அக்கா

டிலுக்ஷிக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்தபோது அவள் பிறந்து ஏழு கிழமைதான், இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கைக்குழந்தைக்கெல்லாம் சீனி வருமா என்று மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் கேட்டார்கள். அவளுடைய அம்மா நிரஞ்சனியும் முதலில் அதைத்தான் கேட்டாள். பாலைக் குடித்துக் குடித்து மூத்திரமாகவே போய்க்கொண்டிருந்த பிள்ளை, ஒரு நாள் காலையில் எழுப்பியும் கண் திறக்கவில்லை. துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளை பிழைத்து வந்தது. அதோடு சேர்ந்து இன்சுலின் ஊசியும் வீட்டுக்கு வந்தது.

இப்போது டிலுக்ஷி முதலாம் ஆண்டு படிக்கிறாள். சாப்பாட்டுக்கு முன்னால் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். பிறகு தொடையிலோ வயிற்றிலோ ஊசி. சீனி கூடினால் ஒரு பயம், இறங்கினால் அதைவிடப் பெரிய பயம். அதனால் நிரஞ்சனி கொழுந்து பறிக்கப் போவதையே விட்டுவிட்டாள். பிள்ளையைப் பாடசாலைக்குள் அனுப்பிவிட்டு, எதிரே இருக்கும் சில்லறைக் கடை மர வாங்கில் உட்கார்ந்திருப்பாள். இடைவேளை மணி அடித்ததும் ஊசியும் சோற்றுப் பெட்டியுமாக உள்ளே போவாள். டிலுக்ஷி அழமாட்டாள். சட்டையைத் தானே தூக்கிக் காட்டுவாள். அவள் அழாமல் இருப்பதுதான் நிரஞ்சனிக்குத் தாங்காது.

அவளுடைய புருஷன் சுதேஷுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. மூட்டை தூக்குகிற ஆள், ஆனால் பிள்ளைக்கு ஊசி போடும்போது மட்டும் வாசலுக்குப் போய் நின்றுகொள்வான். அதற்குப் பதிலாக ஃபோனில் எது வந்தாலும் படிப்பான். கொழும்பில் இருக்கும் சொந்தக்காரப் பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருப்பான். இந்த இலையை அவித்துக் குடித்தால் சீனி போகும், அந்தக் கொட்டையை ஊறவைத்துக் குடித்தால் ஊசியே வேண்டாம் என்று வரும். ஒரு தடவை சுதேஷ் அப்படி எதையோ அவித்துப் பிள்ளைக்குக் கொடுக்க, அவள் வாந்தியெடுத்துச் சுருண்டு போனாள். அன்றைக்கு நிரஞ்சனி போட்ட சத்தம் மேல் லயம்வரை கேட்டது. அதற்குப் பிறகு ஃபோனில் வரும் வைத்தியம் எதையும் அவள் நம்பவில்லை.

ஒரே ஒரு பேஸ்புக் பக்கத்தைத் தவிர.

அந்தப் பக்கத்தின் பெயர் 'வாங்க, விஞ்ஞானம் பேசுவோம்'. யார் நடத்துகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. நக்கிள்ஸ் மலைப் பக்கம் ஒரு சின்னப் பல்லியைப் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று யாரோ அதிலிருந்து பகிர்ந்திருந்தார்கள். அந்த மலை அவள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். அதனால் படித்தாள். கடை வாங்கில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பழைய பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். மலேரியா தடுப்பூசி, நிலாவில் இறங்கிய வண்டி, தேனீக்கள் எப்படிக் கணக்குப் பார்க்கின்றன என்று ஒரு சோதனை. எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கதைப்பது போன்ற தமிழில் இருக்கும். ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் செய்தி எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே 'இன்னும் தெரியாதது' என்று இரண்டு வரி இருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளை நம்பலாம் என்று நிரஞ்சனிக்குத் தோன்றியது.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்தில் ஒரு குழந்தையின் குதிகால் படம் போட்டு ஒரு பதிவு வந்தது.

"பிறந்து ஆறு மாதத்துக்குள் சீனி வருத்தம் வந்த பிள்ளை உங்களுக்குத் தெரிந்தவர்களில் இருக்கிறதா? அப்படியென்றால் இதைப் படியுங்கள். அவ்வளவு சின்ன வயதில் வருவது பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளுக்கு வரும் வகை அல்ல. ஒரு மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் வருவது. இதில் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு ஊசிக்குப் பதிலாக மாத்திரை போதும் என்று கண்டுபிடித்துப் பல வருடங்களாகிவிட்டன. பெரியவர்களுக்குச் சீனிக்குக் கொடுக்கிற பழைய வகை மாத்திரைதான் அது. அப்படி மாறிய பிள்ளைகளை நீண்ட காலம் கவனித்துப் பார்த்ததில், அவர்கள் நன்றாக இருக்கிறார்கள். புதுச் செய்தி அல்ல. ஆனால் நம் பக்கம் நிறையப் பேருக்குத் தெரியாததால் எழுதுகிறேன். மாற்றுவதென்றால் டொக்டரிடம் போய்த்தான் மாற்ற வேண்டும்."

நிரஞ்சனி அதை வாங்கில் உட்கார்ந்தபடி படித்தாள். திரும்பப் படித்தாள். மணி அடித்ததுகூட அவளுக்குக் கேட்கவில்லை. கடைக்காரர்தான், "தங்கச்சி, இடைவேளை விட்டாச்சி," என்றார்.

சாயந்தரம் சுதேஷ் வேலை முடிந்து வந்ததும் ஃபோனை நீட்டினாள். அவன் முகம் கழுவாமல் நின்றபடியே படித்தான். படித்து முடித்துவிட்டுச் சுவர் அலுமாரியைப் பார்த்தான். அங்கே அவனுடைய அப்பா அழகருடைய மருந்துப் பை இருந்தது. அழகருக்கும் சீனி. அவர் குடிப்பதும் பழைய மாத்திரைதான்.

"நம்ம வீட்லயே இருந்திருக்கு பாரு," என்றான்.

"அது பெரியவங்க மாத்திரை."

"பெரியவங்க மாத்திரைதான்னு எழுதியிருக்காங்களே. நீதானே காட்டுன? அரைக் குளிசை குடுத்துப் பாப்போம். ஒரு நாள் ஊசிய நிப்பாட்டிப் பாப்போம். ஒத்துக்கலன்னா விட்டுடுவோம்."

"இலைய அவிச்சப்பவும் இதத்தான் சொன்னீங்க."

சுதேஷ் ஃபோனை அவளிடமே நீட்டினான். "அவ சட்டையத் தூக்கிட்டு நிக்கிறத எத்தன வருசம் பாக்குறது, நிரஞ்சனி?" என்றான். அவள் ஃபோனை வாங்கிக்கொண்டு வெளியே இறங்கினாள்.

தண்ணி டாங்கிக்குப் பக்கத்து முடுக்கில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அவள் அங்கே நடந்து போய் அந்தப் பக்கத்துக்கு ஒரு செய்தி எழுதினாள். 'எங்க பிள்ளைக்கு ஏழு கிழமையில் சீனி வந்தது. இப்ப ஆறு வயசு. ஊசி போடுறோம். எங்க மாமா குடிக்கிற மாத்திரை வீட்டில் இருக்கு. நாளைக்கு அதில் பாதி குடுத்துப் பார்க்கலாம்னு என் வீட்டுக்காரர் சொல்றாரு. குடுக்கலாமா?' அதை அனுப்பியதும் டேட்டா முடிந்துவிட்டது. ரீலோட் போடக் கடை பூட்டியிருந்தது. திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை, பாடசாலை இல்லை. சுதேஷுக்கு வேலை இருந்தது. காலையில் அவன் ஒரு மாத்திரையை எடுத்துப் பாக்குவெட்டியில் வைத்து வெட்டிக்கொண்டிருந்தான். நிரஞ்சனி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பதில் வரட்டும்."

"யாருன்னே தெரியாதவங்க. அவங்க எப்ப பதில் போடுவாங்க?"

"வர்ற வரைக்கும் வேணாம். எனக்குப் பயமா இருக்கு."

அவன் வெட்டிய மாத்திரையைச் சாசரில் போட்டுவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வேலைக்குப் போய்விட்டான். இவ்வளவையும் மூலையில் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அழகர் எழுந்தார். இரண்டு பாதியையும் சாசரிலிருந்து எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். "என்னோடது, நான் குடிச்சிட்டேன்," என்றார். மிச்ச அட்டையை அப்படியே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டவுனுக்கு இறங்கிப் போனார். நிரஞ்சனிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. வழக்கம்போல விரலில் குத்திப் பார்த்து, ஊசி போட்டு, டிலுக்ஷிக்கு ரொட்டி கொடுத்தாள்.

வெயில் ஏறிய பிறகு லயத்துக்குக் கீழே ஒரு லொறிச் சத்தம் கேட்டது. கடைச் சாமான் ஏற்றுகிற சின்னப் பட்டா லொறி. பின்னால் பி.வி.சி. குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஓட்டி வந்தவர் இறங்குவதற்குள் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் இறங்கினாள். கறுப்பு அபாயா, காலில் வீட்டுச் செருப்பு. படிக்கட்டில் வேகமாக ஏறி வந்து, மூச்சு வாங்க, முதல் வாசலில் நின்ற பிள்ளைகளிடம், "ஊசி போடுற புள்ள இருக்கிற வீடு எது?" என்று கேட்டாள். அவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் கையைக் காட்டினார்கள்.

நிரஞ்சனி வாசலுக்கு வந்தாள்.

"நீங்கதான் நிரஞ்சனியா? புள்ளைக்கு அந்த மாத்திரையக் குடுத்தீங்களா?"

"இல்லைங்க. நீங்க யாரு?"

"உண்மையா குடுக்கல்லயா? ஊசி போட்டீங்களா காலையில?"

"போட்டேன். ரொட்டியும் குடுத்தேன்."

"மாத்திரை எங்க இப்ப?"

"மாமா சட்டைப்பையில போட்டுக்கிட்டு டவுனுக்குப் போயிட்டாரு."

அந்தப் பெண் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்," என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. "நான்தான் அந்தப் பக்கத்தில எழுதுறவ. சுமைரா. வத்தேகமவில இருந்து வாறன்."

அவள் விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டு ஃபோனைப் பார்த்திருக்கிறாள். செய்தியைக் கண்டதும் பதில் எழுதினாள், மெசெஞ்சரில் திரும்பத் திரும்ப அழைத்தாள். ஒன்றும் போகவில்லை. நிரஞ்சனியின் பேஸ்புக் பக்கத்தில் மடுல்கெல்லை என்றும் தோட்டத்தின் பெயரும் இருந்தன. சுமைராவின் புருஷன் முஹ்ஸின் வத்தேகமவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். கடையைத் திறக்கப் போனவரை மறித்து, சாமானை இறக்கக்கூட விடாமல் லொறியைத் திருப்பச் சொல்லியிருக்கிறாள். பன்வில வழியாக மலை ஏறி வந்திருக்கிறார்கள். டவுனில் தேத்தண்ணிக் கடையில் கேட்டதும் வழி சொல்லிவிட்டார்கள்.

"ஒரு வரி நான் சரியா எழுதல்ல," என்றாள் சுமைரா. "டொக்டர்ட்ட போய்த்தான் மாத்தணும் எண்டு கடைசியில போட்டிருந்தன். முதல்ல போட்டிருக்கணும். பெரியவங்க மாத்திரைதான் எண்டு எழுதினா ஆக்கள் வீட்டில இருக்கிறதத் தேடுவாங்க எண்டு யோசிக்கல்ல. புள்ளைக்கு அந்த வகைச் சீனியா இல்லாட்டி, ஊசிய நிப்பாட்டினா உசிருக்கே ஆபத்து. ஊசியோட சேத்துக் குடுத்தாலும் ஆபத்து. லொறியில வரும்போது நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

நிரஞ்சனி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பின் தெரியாத ஒருத்தி, வீட்டுச் செருப்போடு, தன் பிள்ளைக்காக மலை ஏறி வந்திருக்கிறாள். "உள்ளுக்கு வாங்கக்கா," என்றாள். "தேத்தண்ணி ஊத்துறேன்."

முஹ்ஸின் வாசலிலேயே நின்று டிலுக்ஷியோடு கதை கொடுத்துக்கொண்டிருந்தார். சுமைரா உள்ளே உட்கார்ந்து கிளினிக் கார்டைக் கேட்டாள். அதில் மருந்தின் அளவு இருந்தது. எந்த வயதில் வருத்தம் வந்தது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. முதலில் வைத்தியம் பார்த்த இடத்துக் கார்டு, கூரை ஒழுகிய ஒரு மழைக்காலத்தில் நனைந்து கூழாகிவிட்டது. அதன் பிறகு பார்த்த எல்லோரும் சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற வழக்கமான சீனி என்றே நினைத்திருக்கிறார்கள்.

"ஏழு கிழமை எண்டு உங்களுக்கு நல்லா நினைவா?"

"அக்கா, அது எனக்கு மறக்குமா?"

"நான் டொக்டர் இல்ல, தங்கச்சி. பேராதனைக் கம்பஸில விஞ்ஞானம் படிச்சன், கலியாணம் முடிச்சு வீட்டில இருக்கிறன். வாசிக்கிறதத் தமிழில எழுதுறன், அவ்வளவுதான். இவளுக்கு மாத்திரை சரிவரும் எண்டு என்னால சொல்ல ஏலாது. சரிவராமலும் போகலாம். ஆனா கேட்டுப் பாக்க வேண்டிய கேள்வி. பேராதனையில புள்ளைகளுக்கான ஆஸ்பத்திரியில கேப்போம். நானும் வாறன்."

அவள் சொன்னபடியே வந்தாள். அடுத்த கிளினிக் நாளில் சுதேஷும் நிரஞ்சனியும் பிள்ளையோடு பஸ்ஸில் கண்டிக்கு இறங்கி, அங்கிருந்து பேராதனைக்குப் போனபோது, ஆஸ்பத்திரி வாசலில் சுமைரா நின்றுகொண்டிருந்தாள். இந்தத் தடவை நல்ல செருப்பு. சுதேஷ் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அக்கா, நான்தான் அந்தக் குளிசைய வெட்டுனவன்," என்றான்.

"தெரியும் தம்பி. எனக்கும் ஒரு மகள் இருக்கா. நீங்க ஏன் வெட்டினீங்க எண்டு விளங்குது," என்றாள் சுமைரா. மூன்று பேரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

டொக்டர் ஒரு நடுத்தர வயது அம்மா. சிங்களத்தில்தான் பேசினார். நிரஞ்சனிக்குச் சிங்களம் ஓரளவு விளங்கும், விளங்காததைச் சுமைரா சொன்னாள். ஏழு கிழமை என்று சொன்னதும் டொக்டர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். பிறந்தபோது எடை என்ன, வலிப்பு ஏதும் வந்ததா, குடும்பத்தில் வேறு யாருக்காவது குழந்தையிலேயே வந்ததா என்று வரிசையாகக் கேட்டார். இந்த வகையைத் தனக்குத் தெரியும் என்றும், வயது தெரியாமல் யாருக்கும் சந்தேகம் வராது என்றும் சொன்னார். ரத்தம் எடுத்து வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம், இவ்வளவு சின்ன வயதில் வந்தவர்களுக்கு அவர்கள் இலவசமாகப் பார்த்துச் சொல்கிறார்கள் என்றார்.

"முடிவு வரும் வரைக்கும் ஊசியை ஒரு வேளைகூட விடக் கூடாது," என்றார். அதைத் தமிழிலேயே சொன்னார். மாத்திரையை வெட்டிய கதையை அவரும் கேட்டிருந்தார், அதனால் சுதேஷைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு காத்திருந்தார்கள். இரண்டு மாதம் போல ஆனது. நிரஞ்சனி பழையபடி கடை வாங்கில் உட்கார்ந்தாள், பழையபடி ஊசி போட்டாள். ஆசைப்படக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சுமைரா கிழமைக்கு ஒரு தடவை ஃபோன் எடுப்பாள். முடிவைப் பற்றிக் கேட்கமாட்டாள். டிலுக்ஷி என்ன செய்கிறாள், மழை பெய்கிறதா, என்ன சமைத்தீர்கள் என்றுதான் கேட்பாள். ஒரு நாள் அவளே, "எனக்கும் பயமா இருக்கு தங்கச்சி. ஆசை காட்டிட்டு ஏமாத்தினவளா ஆகிடுவேனோ எண்டு," என்றாள்.

"இல்லக்கா," என்றாள் நிரஞ்சனி. "சரிவரலன்னாலும் நீங்க வந்தது வந்ததுதான்."

ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்த நாளில் நல்ல மழை. மூன்று பேரும் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது சுமைராவும் அங்கே வந்திருந்தாள். டொக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். வயிற்றுக்குள் இன்சுலின் சுரக்கிற இடம் இது. உங்கள் பிள்ளைக்கு இன்சுலின் இல்லாமல் இல்லை. உள்ளே இருக்கிறது. வெளியே வருகிற வழி திறக்கவில்லை. மாத்திரை அந்த வழியைத் திறந்துவிடும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி அமையாது, இவளுக்கு அமைந்திருக்கிறது.

சுமைரா அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள். சுதேஷ் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு டொக்டரையே பார்த்தான்.

நிரஞ்சனி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். ஆறு வருடமாக அவள் மனதில் இருந்த கேள்வி. "இது என்னால வந்ததா, மேடம்? மாசமா இருக்கையில நான் மாம்பழம் நிறையத் தின்னேன், அதனாலதான்னு லயத்துல சொன்னாங்க."

டொக்டர் சிரிக்கவில்லை. "யாராலும் வந்தது இல்லை, அம்மா. கரு உண்டாகும்போது தானாக ஏற்பட்ட ஒரு சின்ன மாற்றம். நீ எதைச் சாப்பிட்டிருந்தாலும், எதைச் சாப்பிடாமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும்," என்றார். சுமைரா அந்த வார்த்தைகளை ஒன்றுகூட விடாமல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நிரஞ்சனி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மாத்திரைச் செய்தி கேட்டு வராத அழுகை அப்போதுதான் வந்தது.

மாற்றுவதற்குப் பிள்ளையை வார்டில் வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மாத்திரையைக் கூட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஊசியைக் குறைத்தார்கள். அழகர் குடிப்பதைவிட அவளுக்கு, உடம்பு எடைக்குப் பார்த்தால், எவ்வளவோ கூடுதலான அளவு வேண்டியிருந்தது. அரைக் குளிசையில் ஒன்றும் ஆகியிருக்காது, ஊசியை நிறுத்தியிருந்தால்தான் ஆகியிருக்கும் என்று டொக்டர் சொன்னபோது சுதேஷ் தலையைக் குனிந்துகொண்டான். முதல் சில நாள் சீனி ஏறியும் இறங்கியும் ஆட்டம் காட்டியது. ஒரு மத்தியானம் மிகவும் இறங்கி, பிள்ளை வியர்த்துப் போனாள். சரிவராது போலிருக்கிறது என்று நிரஞ்சனிக்குத் தோன்றியது. தாதி மிஸ்ஸிமார் இனிப்புத் தண்ணீர் கொடுத்து, அளவைக் குறைத்து, மறுபடி பார்த்தார்கள். வத்தேகமவிலிருந்து சுமைரா சோறும் மீன் ஆணமும் கட்டிக்கொண்டு வருவாள். அவள் வராத நாளில் முஹ்ஸின் கொண்டுவந்து ஆஸ்பத்திரிக் கேற்றில் கொடுத்துவிட்டுப் போவார்.

பிறகு ஒரு காலை. மிஸ்ஸி வந்து விரலில் குத்திப் பார்த்து, எழுதிக்கொண்டு, மாத்திரையைக் கொடுத்தாள். டிலுக்ஷி அதை விழுங்கிவிட்டு, வழக்கம்போலச் சட்டையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். மிஸ்ஸி அவள் சட்டையை இழுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "இன்னிக்கி ஊசி இல்லை, பபா," என்றாள்.

டிலுக்ஷி அம்மாவைப் பார்த்தாள். "மறந்துட்டாங்களா?" என்று காதருகே கேட்டாள்.

"இல்லம்மா. இனி வேணாமாம்."

அவள் சட்டையை இன்னொரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு அப்பாவிடம் சொல்ல வேண்டும், ஃபோனைக் கொடு என்றாள். சுதேஷ் ஃபெக்டரியில் இருந்தான். ஃபோனில் பிள்ளை சொன்னதைக் கேட்டுவிட்டு அவன் என்ன சொன்னான் என்று நிரஞ்சனிக்குக் கேட்கவில்லை. "அப்பா அழுவுறாரு," என்று டிலுக்ஷி ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் விரலில் குத்திப் பார்க்கிற வேலை இருந்தது. மாத்திரை நேரம் தவறக் கூடாது, கிளினிக்குக்கும் போக வேண்டும். ஆனால் நிரஞ்சனி இப்போது பாடசாலைக்கு எதிரே உட்காருவதில்லை. மத்தியான மாத்திரையை டீச்சரே கொடுத்துவிடுகிறார். அவள் மறுபடியும் கொழுந்துக்குப் போகிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூன்று பேரும் வத்தேகமவுக்குப் போனார்கள். தோட்டத்தில் காய்த்த போஞ்சியும் ஒரு பெரிய பலாப் பிஞ்சும் கொண்டுபோனார்கள். சுமைரா கருப்பட்டி போட்டு வட்டிலப்பம் செய்து வைத்திருந்தாள். டிலுக்ஷியின் முன்னால் கோப்பையை வைக்கும்போது நிரஞ்சனியின் கை தானாகவே தடுக்கப் போனது. சுமைரா சிரித்தாள். "டொக்டர்ட்ட கேட்டுட்டன். கொஞ்சம் திங்கலாமாம்." பிள்ளை ஒவ்வொரு கரண்டியையும் நக்கி நக்கித் தின்றதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா," என்றாள் நிரஞ்சனி, "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே எனக்குத் தெரியல."

"எனக்கு ஏன்? நான் கண்டுபிடிக்கல்லயே."

"கண்டுபிடிச்சவங்களுக்குச் சொல்லலாமா?"

சுமைரா உள்ளே போய் லாப்டாப்பை எடுத்து வந்தாள். ரத்தம் சோதித்த இடத்தின் மின்னஞ்சல் முகவரி முடிவுத்தாளிலேயே இருந்தது. "நீங்க சொல்லுங்க, நான் இங்கிலீஷில எழுதுறன்."

நிரஞ்சனி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் யாரோ இருப்பதைப் போல நேராகப் பார்த்துச் சொன்னாள். "நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. உங்க ஊரும் தெரியாது. எங்க ஊரு இலங்கையில கண்டிக்கு மேல, தேயிலைத் தோட்டம். எங்க பிள்ளை பேரு டிலுக்ஷி. அவ இப்ப ஊசி போடுறதில்ல. முந்தாநாள் பள்ளிக்கூடத்துல ஓட்டத்துல கடைசியா வந்தா. ஆனா முழுசா ஓடி முடிச்சா. நீங்க நல்லா இருக்கணும். உங்க பிள்ளைங்களும் நல்லா இருக்கணும்." அதோடு நிறுத்தினாள்.

"நான் ஒண்ணு சொல்லவா?" என்றான் சுதேஷ். "முதல் முதல்ல இத எந்தப் பிள்ளைங்களுக்குக் குடுத்துப் பார்த்தாங்களோ, அந்தப் பிள்ளைங்களோட தாய் தகப்பனுக்கும் சொல்லச் சொல்லுங்க. அவங்க எவ்வளவு பயந்திருப்பாங்க."

சுமைரா அதையும் எழுதினாள். ஒன்றுக்கு இரண்டு தடவை வாசித்துப் பார்த்து அனுப்பினாள்.

அடுத்த கிழமை பதில் வந்தது. நிரஞ்சனி மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது சுமைரா அதைத் தமிழில் வாசித்துக் குரல் செய்தியாக அனுப்பியிருந்தாள். தேத்தண்ணி நேரத்தில், சிக்னல் உள்ள மேட்டுக்கு ஏறி நின்று நிரஞ்சனி கேட்டாள். பதில் எழுதியவர் பெரிய விஞ்ஞானி இல்லையாம். ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற ஒரு பெண்ணாம். டிலுக்ஷியின் ரத்தம் வந்த சின்னக் குழாயைத் திறந்தவள் அவள்தானாம். குழாயோடு வருகிற பெயரை மட்டும்தான் பார்ப்போம், பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று எங்களுக்குப் பெரும்பாலும் தெரியவராது என்று எழுதியிருந்தாள். உங்கள் கடிதத்தைப் பகல் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன் என்றும், டிலுக்ஷி ஓடி முடித்ததற்கு எல்லோரும் கை தட்டினார்கள் என்றும் எழுதியிருந்தாள்.

நிரஞ்சனி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சுமைராவுக்கு அழைத்தாள்.

"அக்கா, அவங்க பேரு என்னன்னு போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்கு. ஹெலன்."

"ஹெலன்," என்று நிரஞ்சனி சொல்லிப் பார்த்தாள். கீழே கங்காணி எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "சரிக்கா, சாயந்தரம் பேசுறேன். என் வீட்டுக்காரர்கிட்டயும் இதப் போட்டுக் காட்டணும்," என்று சொல்லிவிட்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு தேயிலை நிரைக்கு இறங்கினாள்.